ஒரு விண்மீனுக்கு இரண்டு தொலைவா?

பழனி மலைத்தொடரில் உள்ள தாண்டிக்குடியிலிருந்து மேனிலை வகுப்பு மாணவி ஒருவர் எழுதிய கடிதம் என் பார்வைக்கு வந்தது. "ஐயா, சிக்னஸ் எக்ஸ்-2 என்னும் எக்ஸ் கதிர் விண்மீன் 23,500 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதாக எங்கள் நூலகத்திலுள்ள ஒரு நூல் கூறுகிறது. கண்காட்சி ஒன்றில் எனக்குக் கிடைத்த கையேடோ 37,800 ஒளியாண்டு என்கிறது. இவற்றுள் எது அச்சுப்பிழை? தேர்வில் எதை எழுதுவது?" என்று அவர் கேட்டிருந்தார்.

இரண்டு வெளியீடுகளையும் தேடிப் பிடித்துப் படித்தேன். அச்சுப்பிழை எதுவும் இல்லை. இரண்டு எண்களும் தேர்ந்த விஞ்ஞானிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளியிட்ட முடிவுகளே. 37,800 என்பது 1998-ஆம் ஆண்டில் ஸ்மேல் என்பவர் கண்ட முடிவு. 23,500 என்பது 1999-ஆம் ஆண்டில் ஒரோஸ், கூல்க்கர்ஸ் என்னும் இருவர் கண்ட முடிவு. அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? எண்ணை எடுத்துக்கொண்ட ஆசிரியர்கள், அந்த எண் எப்படிப் பிறந்தது என்பதை எடுத்துக்கொள்ளவில்லை. இது சிறு குறையன்று என்பதே என் கருத்து.

இரண்டுமே மோசமான வெளியீடுகள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நூலில் நியூட்ரான் விண்மீன் உருவாகும் கதை தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கனத்த விண்மீன் ஒன்று எரிபொருள் தீர்ந்து உள்நோக்கிச் சரிவதும், எஞ்சும் உட்கரு இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் குறுக்களவே உள்ள உருண்டையாக இறுகுவதும், அதில் நம் சூரியனைவிட மிகுந்த நிறை அடங்கியிருப்பதும் பள்ளி மாணவருக்கு எட்டும் தமிழில் உள்ளன. கையேட்டின் வண்ணப் படம் கண்ணைக் கவர்கிறது. பக்கத்திலுள்ள துணை விண்மீனிலிருந்து வாயு வழிந்து, சுழன்று, நியூட்ரான் விண்மீனின்மேல் விழுகிறது. விழும் வாயு கோடிக்கணக்கான டிகிரி வெப்பமடைந்து எக்ஸ் கதிரை உமிழ்கிறது. இதுதான் எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன். ஆயினும் அப்படத்தில் பெரிய விண்மீன் பூசணிக்காய் அளவிலும் நியூட்ரான் விண்மீன் எலுமிச்சம்பழ அளவிலும் வரையப்பட்டுள்ளன. சிக்னஸ் எக்ஸ்-2-இன் துணை விண்மீன் ஏறத்தாழ ஒரு கோடி கிலோமீட்டர் குறுக்களவு உள்ளது. அதைப் பத்து சென்டிமீட்டர் வட்டமாக வரைந்தால், நியூட்ரான் விண்மீன் ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்காக இருக்கும். அச்சகத்தில் அவ்வளவு சிறிய புள்ளி கிடையாது! படம் அளவுமுறைப்படி வரையப்பட்டதன்று என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

தாண்டிக்குடியைச் சேர்ந்தவருக்குத் 'தூரம்' என்ற சொல்லில் உள்ள சிக்கலை விளக்க வேண்டியதில்லை. முருகன் இம்மலையிலிருந்து ஒரே தாண்டில் பழனிக்குக் குதித்தான், 'தாண்டிக்குதி' என்பதே தாண்டிக்குடி ஆயிற்று என்பது அவ்வூரில் வழங்கும் கதை. முருகன் தாண்டிய தூரம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பேருந்தில் மலையிறங்கிச் சுற்றிப் போகிறவருக்கு அது பல மடங்கு. இரண்டும் தூரந்தான், எப்படி அளந்தது என்று சொன்னால் இரண்டும் மெய், சொல்லாவிட்டால் இரண்டும் குழப்பம். அங்கே விளையும் காப்பிக் கொட்டைக்கும் இதே கதிதான். இத்தனை கிலோ என்று சொன்னால் போதாது. எந்த அளவு காய்ந்தது என்று கேட்காமல், ஒரு கொட்டையைப் பல்லில் கடித்துப் பார்க்காமல், எந்த வியாபாரியும் விலை பேசமாட்டார். விண்மீன்களின் தொலைவையும் அப்படிக் கடித்துப் பார்க்க வேண்டும்.

சுற்றுப்பாதை: கணிப்பின் வெற்றி

தொலைவுக்குப் போகுமுன், இவ்விரட்டைகளில் மிக நன்றாக அளக்கப்பட்டிருப்பது எது என்று பார்ப்போம். அது சுற்றுப்பாதை.

எக்ஸ் கதிர்கள் நம் வளிமண்டலத்தைத் துளைத்து வருவதில்லை. ஆகவே ராக்கெட், பலூன், செயற்கைக்கோள் ஆகியவற்றின் துணையின்றி இத்துறை இல்லை. 1970-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் கென்யக் கடற்கரைக்கு அப்பாலுள்ள மேடையிலிருந்து அமெரிக்கர்கள் 'உகுரு' என்னும் செயற்கைக்கோளை ஏவினர். கென்யாவின் விடுதலை நாள் அது. உகுரு என்றால் ஸ்வாகிலி மொழியில் விடுதலை. அது கண்டறிந்தவற்றுள் சென்டாரஸ் எக்ஸ்-3 என்ற விண்மீன் வியப்புக்குரியது. அதன் எக்ஸ் கதிர் 4.84 வினாடிக்கு ஒருமுறை நாடிபோல் துடித்தது. அது மட்டுமன்று, ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை, அரை நாள் அளவுக்கு, கதிர் அறவே மறைந்து மீண்டது. துடிப்பின் இடைவெளியும் நிலையாக இல்லை. மறைந்து மீளும் அதே கால ஒழுங்கில் அது சற்றுக் கூடியும் சற்றுக் குறைந்தும் வந்தது.

விளக்கம் எளிது. துடிக்கும் விண்மீன் ஒரு பெரிய விண்மீனைச் சுற்றி வருகிறது. நம்மை நோக்கி வரும்போது துடிப்புகள் நெருங்கி வருகின்றன. விலகிப் போகும்போது இடைவெளி விட்டு வருகின்றன. இரயில் நம்மைக் கடக்கும்போது ஊதலின் சுருதி இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த டாப்ளர் விளைவுதான் இது. பெரிய விண்மீனின் பின்னே போகும்போது கிரகணம். கணக்கிட்டுப் பார்த்தால் வேகம் வினாடிக்கு 415 கிலோமீட்டர். அந்த வேகத்தால் 4.84 வினாடித் துடிப்பில் ஏற்படும் மாறுதல் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஏழு பங்குக்கும் குறைவு. பாதையின் அப்பால் பக்கத்திலிருந்து வரும் துடிப்பு, நடுவிலிருந்து வருவதைவிட 39.7 வினாடி தாமதமாக வந்து சேர்கிறது. ஒளி வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதால் பாதையின் அளவும் உடனே தெரிந்துவிடுகிறது: ஏறத்தாழ 1 கோடியே 19 லட்சம் கிலோமீட்டர் ஆரம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கணக்கு எதிலும் அவ்விரட்டை நம்மிடமிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற எண் நுழையவேயில்லை. கடிகாரம் மட்டுமே போதும். ஆண்டுக்கணக்கில் துடிப்புகளை எண்ணிக்கொண்டே போனால் துல்லியம் கூடிக்கொண்டே போகும். ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் 2.087 நாள் என்று தொடங்கியவர்கள், இன்று அதை ஒரு வினாடியின் சிறு பின்னம்வரை சொல்கிறார்கள். அக்காலம் ஆண்டுக்கு ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து வருகிறது என்பதையும் அளந்துவிட்டார்கள். இந்தத் தேய்வை மிக நுட்பமாக அளந்து 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டவர்கள் பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பது நமக்குப் பெருமை. அவ்விரட்டையின் தொலைவைக் கேட்டாலோ, 1974-ஆம் ஆண்டின் விடை 26,000 ஒளியாண்டு. 2009-ஆம் ஆண்டின் ஒரு விடை 18,600 ஒளியாண்டு, அதிலும் ஏறக்குறைய 5,000 ஒளியாண்டு முன்பின். காலத்தை வினாடியின் பின்னம்வரை அறிந்த அதே விண்மீனின் தொலைவில் முதல் இலக்கமே ஆட்டம் காண்கிறது.

எல்லா நியூட்ரான் விண்மீனும் இப்படித் துடிப்பதில்லை. நம் மாணவி கேட்ட சிக்னஸ் எக்ஸ்-2 துடிக்காத வகை. அங்கே கடிகாரம் கிடையாது. அதன் துணை விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதிலுள்ள கோடுகள் இடம் பெயர்வதை அளக்க வேண்டும். இம்முறையைக் காண அவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே மலைத்தொடரின் மேற்பகுதிக்குப் போனால் போதும். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் சற்றே விலகியிருப்பதைப் படத்தகடுகளில் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கி வினாடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில் ஓடுகிறது என்று அதிலிருந்து அறிந்தார். உலகம் இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கிறது. ஒளியின் அலைநீளத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு விலகலே அது. சிக்னஸ் எக்ஸ்-2-இன் துணை விண்மீன் வினாடிக்கு 88 கிலோமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுகிறது. விலகல் எவர்ஷெட் கண்டதைப் போல் நாற்பது மடங்குக்கு மேல். ஆனால் சூரியன் எங்கே, வெறுங்கண்ணுக்கு என்றுமே தெரியாத இந்த விண்மீன் எங்கே! பெரிய தொலைநோக்கி வேண்டும். அப்படி அளந்து கண்ட சுற்றுக் காலம் 9.84 நாள். அதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை.

தொலைவு: இரு வழிகள், இரு விடைகள்

ஒரு விளக்கின் உண்மையான ஒளிர்வு தெரிந்தால், அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதைக் கொண்டு தொலைவைச் சொல்லலாம். விண்மீனுக்கும் அதே வழிதான். அதன் உள்ளார்ந்த ஒளிர்வைத் தொலைவின் உதவியின்றி அறிய ஏதேனும் ஒரு தந்திரம் வேண்டும். இத்தகைய தந்திரம் ஒன்றில் கொடைக்கானலோடு தொடர்புடைய ஒருவருக்கும் பங்குண்டு. 1960-ஆம் ஆண்டு கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரான வேணு பாப்பு, அதற்குமுன் 1957-ஆம் ஆண்டில் அமெரிக்கரான வில்சனுடன் சேர்ந்து, சில வகை விண்மீன்களில் கால்சியம் கோட்டின் அகலமே உள்ளார்ந்த ஒளிர்வைக் காட்டிக்கொடுக்கிறது என்று கண்டார். எக்ஸ் கதிர் இரட்டைகளுக்கு அது பயன்படாது. அவற்றுக்கு வேறு தந்திரங்கள்.

முதல் தந்திரம் வெடிப்பு. துணை விண்மீனிலிருந்து வந்து விழுந்த வாயு நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பில் அடுக்கடுக்காகச் சேருகிறது. ஓர் அளவு வந்ததும் அது அணுக்கரு இணைவால் திடீரெனப் பற்றி எரிகிறது. சில வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். இவ்வெடிப்புகள் 1975-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டன. வெடிப்பு மிக வலுத்தால், வெளியேறும் கதிரின் தள்ளும் விசை மேற்பரப்பு வாயுவையே தூக்கி எறியப் பார்க்கும். ஈர்ப்பு இழுக்கிறது, கதிர் தள்ளுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் ஒளிர்வுக்கு ஒரு உச்சவரம்பு வந்துவிடுகிறது. பாலைக் கொதிக்கவிட்டால் பாத்திரத்தின் விளிம்புவரை பொங்குவது போல. இவ்வரம்பு சூரியனின் ஒளிர்வைப் போல் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு. ஸ்மேல் இவ்வகை வெடிப்பு ஒன்றை சிக்னஸ் எக்ஸ்-2-இல் கண்டு, அதன் உச்ச ஒளியை வரம்போடு ஒப்பிட்டுத் தொலைவைக் கணித்தார். விடை 37,800 ஒளியாண்டு, முன்பின் 1,000.

இரண்டாம் தந்திரம் சுற்றுப்பாதையிலிருந்தே தொலைவைக் கறப்பது. இது எனக்கு மிகவும் பிடித்த வழி. துணை விண்மீனிலிருந்து வாயு வழிகிறது என்றால், அது தன் ஈர்ப்பு எல்லையின் விளிம்புவரை ஊதி நிரம்பியிருக்கிறது என்று பொருள். அப்படி நிரம்பிய விண்மீனின் சராசரி அடர்த்தியைச் சுற்றுக் காலம் ஒன்றே நிர்ணயித்துவிடும். 9.84 நாளுக்கு அது நீரின் அடர்த்தியில் ஐந்நூறில் ஒரு பங்கு. நாம் சுவாசிக்கும் காற்றைப் போல் இருமடங்குகூட இல்லை! ஓர் அகன்ற, மெலிந்த விண்மீன். வேகத்திலிருந்தும் ஒளியின் ஏற்றத்தாழ்விலிருந்தும் நிறைகள் கிடைக்கின்றன. ஈர்ப்பால் முட்டைபோல் இழுபட்டிருப்பதால் அது சுற்றும்போது ஒளி கூடிக் குறைகிறது. நிறையும் அடர்த்தியும் தெரிந்தால் உருவளவு தெரியும். நிறமாலையிலிருந்து வெப்பநிலை தெரியும். உருவளவும் வெப்பநிலையும் சேர்ந்து உள்ளார்ந்த ஒளிர்வைத் தருகின்றன. இடையிலுள்ள தூசி எவ்வளவு ஒளியை விழுங்கியது என்று கழித்துக்கொண்டால் தொலைவு வந்துவிடும். ஒரோஸும் கூல்க்கர்ஸும் இப்படிக் கண்ட விடை 23,500 ஒளியாண்டு, முன்பின் 3,600.

இரண்டு முடிவுகளையும் அவற்றின் முன்பின்னோடு சேர்த்துப் பாருங்கள். ஒன்று 27,100-ஐத் தாண்டாது என்கிறது; மற்றது 36,800-க்குக் கீழே வராது என்கிறது. இருவர் போட்ட வேலிகளுக்கு நடுவே பத்தாயிரம் ஒளியாண்டு தரிசாகக் கிடக்கிறது. நம் நூலாசிரியர்கள் முன்பின்னை விட்டுவிட்டது முதற்குறை. ஆனால் அதைச் சேர்த்திருந்தாலும் மாணவியின் குழப்பம் தீர்ந்திருக்காது. முன்பின் என்று போடும் எண்ணையும் நாம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

ஸ்மேல் கொடுத்த முன்பின் 1,000 ஒளியாண்டு மிகச் சிறியது. ஆனால் வெடிப்பு வரம்பைக் கணக்கிட நியூட்ரான் விண்மீனின் நிறையை முன்கூட்டியே ஊகித்துக்கொள்ள வேண்டும். 1.4 சூரிய நிறை என்பதற்குப் பதில் 1.9 என்று வைத்தால் தொலைவு 17 விழுக்காடு கூடும். மேற்பரப்பு வாயுவில் ஹைட்ரஜன் மிகுந்திருக்கிறதா, ஹீலியம் மட்டும்தானா என்பதைப் பொறுத்துத் தொலைவு 1.3 மடங்குவரை மாறும். வெடிப்பின் ஒளி எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் பரவுகிறது என்பது மற்றொரு ஊகம். இந்த ஊகங்களின் ஆட்டம் எதுவும் அந்த 1,000-க்குள் அடங்கவில்லை. மற்ற முறையிலும் ஊகங்கள் உண்டு. காணும் ஒளியெல்லாம் துணை விண்மீனுடையதா? சுழலும் வாயுத் தட்டின் ஒளி அதில் எவ்வளவு கலந்திருக்கிறது? எக்ஸ் கதிரால் சூடேறிய பக்கத்தை எப்படிக் கணக்கில் கொள்வது? தூசியை எவ்வளவு கழிப்பது? ஒரோஸும் கூல்க்கர்ஸும் இவற்றுக்கெல்லாம் இடங்கொடுத்தே 3,600 என்று பெரிய வேலி போட்டிருக்கிறார்கள். சிறிய முன்பின் உள்ள எண்ணே சிறந்த எண் என்று நம்பி, கையேட்டை எழுதியவர் 37,800-ஐத் தேர்ந்திருக்கலாம். அவரை முழுதும் குறை சொல்லமாட்டேன். இதே பிழையை நானும் செய்திருக்கிறேன். ஒரு விண்மீனின் தொலைவை மூன்று இலக்கம்வரை எழுதி, அதில் முன்பின் போட இடமில்லை என்று விட்டுவிட்ட கட்டுரை ஒன்று என் பெயரிலும் உண்டு.

இந்தச் சண்டையால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். ஒளிர்வு தொலைவின் இருமடிப்படி மாறும். 37,800-க்கும் 23,500-க்கும் உள்ள விகிதத்தை இருமடியாக்கினால் 2.6 வரும். அதாவது தொலைவு குறைவானால், அந்த வெடிப்பின் உண்மை வலிமை மற்றவர் சொன்னதில் பாதிக்கும் கீழே போய்விடும். அது வரம்பைத் தொடவேயில்லை என்றாகிவிடும். அப்படியானால் வரம்பு என்ற கருத்தையே இவ்விண்மீனில் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறோம். அக்கருத்தைக் கொண்டு தொலைவு சொல்லப்பட்ட மற்ற விண்மீன்களின் கதி என்ன? இன்னொன்றும் உண்டு. நியூட்ரான் விண்மீனின் ஆரத்தை அதன் ஒளியிலிருந்து கணக்கிடும்போது, விடை தொலைவோடு நேராகக் கூடும். அருகில் என்றால் 10 கிலோமீட்டர் வரும் ஆரம், தொலைவில் என்றால் 16 கிலோமீட்டர் ஆகிவிடும். ஒரு தேக்கரண்டியில் பல கோடி டன் அடங்கும் அந்தப் பொருள் எதனால் ஆனது என்பதை முடிவு செய்யும் எண் அந்த ஆரந்தான். எனவே 'ஏதோ ஆயிரக்கணக்கில் ஒளியாண்டு, எதுவானால் என்ன' என்று ஒதுக்க முடியாது.

தப்பிய சில விண்மீன்கள்

எல்லா விண்மீனுக்கும் நிலைமை இவ்வளவு மோசமன்று. 1962-ஆம் ஆண்டு சூன் மாதம் ராக்கெட்டில் முதன்முதல் கண்டறியப்பட்ட ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1, விருச்சிக மண்டலத்தில் உள்ளது. அதற்கு ஊகமற்ற வழி கிடைத்தது. கட்டை விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தால் விரல் இடம் மாறித் தோன்றும் அல்லவா? பௌதிகச் சோதனைக் கூடத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று தவிர்க்கப் படித்த அதே விளைவை வானியலார் விரும்பி அளக்கிறார்கள். பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் இரு பக்கங்களிலிருந்து பார்த்து, வானொலித் தொலைநோக்கிகளால் 1999-ஆம் ஆண்டில் கண்ட தொலைவு 9,100 ஒளியாண்டு, முன்பின் 1,000. பின்னால் வந்த கையா செயற்கைக்கோளின் அளவீடு அதைவிடச் சற்று அருகில் வைக்கிறது. ஆனாலும் இது வெறும் முக்கோணக் கணக்கு. விண்மீன் எதனால் ஆனது என்ற ஊகம் இதில் கிடையாது.

அதைவிட அழகானது சர்சினஸ் எக்ஸ்-1-இன் கதை. அதன் சுற்றுக் காலம் 16.6 நாள் என்பது 1970-களிலேயே தெரியும். தொலைவோ, 13,000 ஒளியாண்டு என்பாரும் அதைப் போல் இருமடங்குக்கு மேல் என்பாருமாக இருந்தனர். 2013-ஆம் ஆண்டின் இறுதியில் அது திடீரென ஒளிர்ந்து அடங்கியது. கொடைக்கானலில் எதிரொலிப் பாறைக்கு முன் நின்று கூவினால், குரல் எதிர்மலையில் பட்டுச் சற்றுத் தாமதித்துத் திரும்பும். அதுபோல் அந்த எக்ஸ் கதிரின் ஒரு பகுதி வழியிலுள்ள தூசி மேகங்களில் பட்டுச் சிதறி, நீண்ட பாதையில் ஒன்று முதல் மூன்று மாதம் தாமதித்து வந்தது. 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகம் பார்த்தபோது, விண்மீனைச் சுற்றி நான்கு வளையங்கள் தெரிந்தன. குளத்தில் கல் எறிந்தாற்போல. வளையத்துக்கு ஒரு மேகம். மேகங்களின் தொலைவை ஆஸ்திரேலியாவிலுள்ள வானொலித் தொலைநோக்கி, அவற்றின் வேகத்தைக் கொண்டு தந்தது. அதுவும் டாப்ளர் விளைவே. தாமதமும் வளைய அளவும் மேகத்தின் இடமும் தெரிந்தபின் விண்மீனின் இடம் தானே வந்துவிட்டது: ஏறத்தாழ 30,700 ஒளியாண்டு, முன்பின் 3,000. 13,000 என்று நம்பியவர்கள் அதன் ஒளிர்வை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள்.

வெடிப்பு முறையையும் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கோளக் கொத்து எனப்படும் விண்மீன் கூட்டங்களின் தொலைவு வேறு வழிகளில் தெரியும். அவற்றுக்குள் இருக்கும் பன்னிரண்டு வெடிப்பு விண்மீன்களைக் கொண்டு கூல்க்கர்ஸும் பிறரும் 2003-ஆம் ஆண்டில் வரம்பைச் சரிபார்த்தனர். வரம்பு ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்குள் ஒத்துவந்தது. 1999-ஆம் ஆண்டில் வெடிப்பு முறைக்கு மாறான விடையைக் கண்ட அதே கூல்க்கர்ஸ், பிறகு அம்முறையையே தராசில் வைத்துப் பார்த்தார். தன் முடிவுக்கு எதிரானதையும் சோதிக்கும் இம்மனப்பான்மையை நூல்கள் சொன்னால், எண்ணைவிட அது மாணவருக்குப் பயன்படும்.

கையா, சிக்னஸ் எக்ஸ்-2-இன் வழக்கைத் தீர்த்திருக்குமே என்று கேட்கலாம். 2014 முதல் 2025 தொடக்கம்வரை அது வானை அளந்தது. ஆனால் இங்கே வேண்டிய கோணத்தைப் பாருங்கள். 23,500-க்கும் 37,800-க்கும் இடையே இடமாறு தோற்றத்தில் உள்ள வேறுபாடு, நிலவின்மேல் கிடக்கும் பத்து சென்டிமீட்டர்ப் பென்சில் ஒன்று பூமியிலிருந்து காட்டும் கோணம். கையாவின் அளவீடுகளைக் கொண்டு 2021-ஆம் ஆண்டில் செய்த ஆய்வு ஒன்றில், தெரிந்த 115 வெடிப்பு விண்மீன்களுள் நான்குக்கு மட்டுமே நம்பத்தக்க இடமாறு தோற்றம் கிடைத்தது. சிக்னஸ் எக்ஸ்-2 அந்த நான்கில் ஒன்று என்பது நற்செய்தி. ஆனால் அதன் தொலைவைச் செப்பனிட்டபோது, வெடிப்பின் ஒளி எல்லாத் திசையிலும் சீராகப் பரவுகிறது என்ற ஊகத்தைச் சரியென்று வைத்துக்கொண்டே செப்பனிட்டார்கள். அந்த ஊகத்தையே சோதிப்பதற்கு ஆய்வாளர்கள் தந்தது முதற்கட்ட விடை மட்டுமே.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். அவரது நூலின் மறுபதிப்பில், 'சிக்னஸ் எக்ஸ்-2, 23,500 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது' என்ற வரியை எடுத்துவிட்டு, அங்கே இப்படி எழுதலாம்: 'சிக்னஸ் எக்ஸ்-2-இன் இரு விண்மீன்களும் 9.84 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன, இது உறுதி. அதன் தொலைவு, துணை விண்மீனின் உருவளவைக் கொண்டு கணித்தால் ஏறத்தாழ 24,000 ஒளியாண்டு; வெடிப்பின் ஒளியைக் கொண்டு கணித்தால் ஏறத்தாழ 38,000 ஒளியாண்டு.' பழைய வரியைவிட இது நான்கு வரி கூடுதல். கையேட்டுக்காரர் அந்தப் பூசணிக்காய்ப் படத்தை அரை அங்குலம் சுருக்கினால் அங்கேயும் இடம் கிடைக்கும். தேர்வில் இக்கேள்வி வந்தால் இரண்டு எண்களையும், அவை வந்த வழியையும் எழுதுமாறு அவருக்குப் பதில் அனுப்பியிருக்கிறேன். திருத்துபவர் மதிப்பெண்ணைக் குறைத்தால் விடைத்தாளின் நகலோடு எனக்கு எழுதும்படியும் சொல்லியிருக்கிறேன்.